தூண்டில் இரைக்கும் நலச் சான்றிதழ்

தூண்டில் முள்ளில் கோக்கப்பட்டு, அன்றே மடியப்போகும் சிறு மீனுக்கும் நலச் சான்றிதழ் வேண்டுமா எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கடையில் வாங்கிய உயிருள்ள இரை மீனை ஏரிக்குக் கொண்டு செல்பவர், அது நோயற்றதெனச் சான்று பெற்றது என்பதைக் காட்டும் ரசீதைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். அந்த ரசீது 10 நாட்களுக்கே செல்லும். இத்துணைக் கண்டிப்பு ஏன் வந்தது? அச்சான்றிதழ் எதனை உறுதி செய்கிறது, எதனை உறுதி செய்யவில்லை? தோட்டப்புறங்களில் மீன் குளம் வைத்திருக்கும் நம் வாசகர்களுக்கும் பயன்படும் செய்தியாதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

வட அமெரிக்காவில் கனடாவை ஒட்டிய எல்லைப் பகுதியில் ஐந்து மாபெரும் நன்னீர் ஏரிகள் உள்ளன. 2005 ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில், அவற்றுள் ஒன்றான ஒண்டேரியோ ஏரியின் குவிண்டே விரிகுடாவில் டிரம் எனப்படும் மீன்கள் பெருந்தொகையாய் மாண்டு மிதந்தன. மறு ஆண்டில் ஈரி ஏரியிலும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் அதே அவலம் நேர்ந்தது. மீன்களின் தோலிலும் உள்ளுறுப்புகளிலும் குருதி கசிந்திருந்தது, விழிகள் பிதுங்கியிருந்தன. ஆராய்ந்தபோது, வி.எச்.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் குருதிக்கசிவு வைரஸ் நோயே காரணம் எனத் தெரியவந்தது. ஐரோப்பாவில் டிரவுட் மீன் பண்ணைகளை நெடுநாள் அலைக்கழித்த நோய் இது. டென்மார்க்கில் உள்ள எக்ட்வெட் என்னும் சிற்றூரின் பெயராலும் இது அழைக்கப்பட்டதுண்டு. 2003 இல் செயின்ட் கிளேர் ஏரியில் பிடிக்கப்பட்டு, சேமித்து வைக்கப்பட்டிருந்த ஒரு மீனின் மாதிரியிலும் இதே வைரஸ் பின்னர் கண்டறியப்பட்டது. அஃதாவது, மனிதர் கண்ணில் படுமுன்பே அது ஏரிக்குள் குடிபுகுந்துவிட்டது. இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆனால் 25க்கும் மேற்பட்ட மீன் வகைகளைத் தொற்றவல்லது.

இதில் இரை மீனுக்கு என்ன தொடர்பு? அந்நாட்டுத் தூண்டிற்காரர்கள் மண்புழுவோடு நிற்பதில்லை. விரல் நீளச் சிறு மீன்களை வாளியில் உயிரோடு வாங்கிச் செல்வர். ஈரி ஏரியில் வலையிட்டுப் பிடித்த எமரால்டு ஷைனர் என்னும் வெள்ளி நிறச் சிறு மீன் நெடுந்தொலைவுக்கு லாரிகளில் சென்று விற்பனையாகும். மாலையில் வீடு திரும்புமுன், மிஞ்சிய மீனையும் வாளி நீரையும் ஏரியிலேயே கொட்டிவிடுதல் பலரின் வழக்கம். ‘உயிரோடு விட்டோம், புண்ணியம்’ என்றுகூட எண்ணியிருக்கலாம்! நோயுற்ற மீன் தன் சிறுநீர் வழியே வைரஸை நீரில் கழிக்கிறது; குளிர்ந்த நீரில் அது பல நாட்கள் அழியாதிருக்கும். பிழைத்து எழுந்த மீனோ யாதொரு குறியும் காட்டாமல் வைரஸைச் சுமந்து திரியலாம். 2007 இல் மிச்சிகன் மாநிலத்தின் உள்நாட்டு ஏரியான பட் ஏரியிலும், 2008 இல் ஒஹாயோவின் கிளியர் போர்க் நீர்த்தேக்கத்திலும் நோய் தென்பட்டது. பின்னது பேரேரிகளின் நீர்ப்பிடிப்புக்கே அப்பாற்பட்டது. படகு, பறவை, வாளி என ஐயங்கள் பல எழுந்தன. இவற்றுள் சட்டத்தால் கட்டுப்படுத்தக்கூடியது வாளியே.

2006 அக்டோபர் 24 இல் அமெரிக்க மத்திய வேளாண் அமைச்சு, பேரேரிகளைச் சூழ்ந்த எட்டு மாநிலங்களிலிருந்து நோய்க்கு இலக்காகும் மீன்களை உயிரோடு வெளியே கொண்டு செல்வதற்குத் தடை விதித்தது. மீன் வளர்த்தும் விற்றும் பிழைக்கும் குடும்பங்களின் வயிற்றில் விழுந்த அடி அது. அடுத்த மாதமே, பரிசோதனையில் வைரஸ் இல்லையெனத் தெரிந்தால் கொண்டு செல்லலாம் எனத் தடை திருத்தப்பட்டது. சான்றிதழ் என்பது இவ்வாறு தடைக்கும் பிழைப்புக்கும் இடையே கட்டப்பட்ட பாலமாகும். 2014 இல் மத்திய ஆணை விலக்கிக்கொள்ளப்பட்டது. மாநிலங்களின் சொந்த விதிகள் நீடித்தன.

பரிசோதனை நடைபெறும் முறையைக் காண்போம். ஒரே நீரில் வாழும் மீன்களை ஒரு கூட்டமாகக் கொண்டு, அதிலிருந்து 60 மீன்களை எடுப்பர். சோர்ந்த மீன் இருந்தால் முதலில் அதையே எடுத்தல் வேண்டும். அம்மீன்களைக் கொன்று, சிறுநீரகம், மண்ணீரல், இதயம் ஆகியவற்றில் சிறு துண்டுகளை வெட்டி, ஐந்து மீனுக்கு ஒன்றாகச் சேர்த்து அரைப்பர். மிகச் சிறிய மீனாயின் முழு மீனையும் அரைப்பதுண்டு. அச்சாற்றை, கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட மீன் உயிரணுக்களின் மீது இட்டு, 15 பாகை செல்சியஸ் குளிரில் வைப்பர். வைரஸ் இருந்தால் உயிரணுக்கள் உருண்டு, கழன்று, மடியும். இரு வாரம் பார்த்தும் மாற்றம் இல்லையெனில், அச்சாற்றைப் புதிய உயிரணுக்களின் மீது இட்டு மீண்டும் பார்ப்பர். ஆக, சுமார் நான்கு வாரங்கள். உயிரணுக்கள் மடிந்தால், மடியச் செய்தது எந்த வைரஸ் என்பதை பி.சி.ஆர். சோதனை காட்டிவிடும். இதற்குப் பயன்படும் இ.பி.சி. என்னும் உயிரணு வகை கெண்டை மீனிலிருந்து வந்ததென்றே பல்லாண்டு நம்பப்பட்டது. அது பேத்ஹெட் மின்னோ மீனுடையது என 2010 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவும் ஓர் இரை மீனே!

இலட்சக்கணக்கான மீன்கள் உள்ள குளத்துக்கு 60 மீன் போதுமா? இதற்குச் சிறிது கணக்குத் தேவை. ஒரு பெரிய சாக்கு நிறைய ரப்பர் விதை இருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் நூற்றுக்கு 5 சொத்தை. கண்ணை மூடி ஒரு விதை எடுத்தால், அது நல்லதாயிருக்க வாய்ப்பு 95 விழுக்காடு. இரண்டும் நல்லதாயிருக்க வாய்ப்பு 95இல் 95 விழுக்காடு, ஏறக்குறைய 90. இவ்வாறே ஒவ்வொரு விதைக்கும் பெருக்கிக்கொண்டு போனால், 60 விதையும் நல்லதாகவே அமைய வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைந்துவிடுகிறது. ஆகவே 60 மீனிலும் வைரஸ் இல்லையெனில், ‘இக்குளத்தில் நூற்றுக்கு 5 மீனோ அதற்கு மேலோ நோயுற்றிருந்தால் நாம் பெரும்பாலும் கண்டுபிடித்திருப்போம்’ எனச் சொல்லலாம். சான்றிதழின் முழுப் பொருள் அவ்வளவே.

சொத்தை நூற்றுக்கு 2 ஆக இருந்தால்? 60 விதையில் அது அகப்படாமல் தப்ப வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு. நூற்றுக்கு ஒன்றேயாயின், தப்புவதற்கான வாய்ப்பு பாதிக்கும் மேல்! நூற்றுக்கு 2 என்னும் அளவை 60 மீனுக்குரிய அதே உறுதியோடு கண்டுபிடிக்க ஏறக்குறைய 150 மீன்களைக் கொல்ல வேண்டும். அதற்கேற்பச் செலவும் கூடும். எந்த அளவோடு நிறுத்திக்கொள்வது என்பது ஆய்வுக்கூடம் மட்டும் முடிவு செய்யும் செய்தியன்று. எவ்வளவு இடரை ஏற்பது என ஒரு நாடு எடுக்கும் முடிவு அது. ‘நோயற்றது’ என்று ஒற்றைச் சொல்லில் அச்சிடுவது என் கருத்தில் சற்றே மிகையான கூற்று; ‘சோதித்ததில் காணப்படவில்லை’ என்பதே நேர்மையான தமிழ்.

பருவமும் ஒரு செய்தி. இந்த வைரஸ் குளிர் நீரில் பெருகுவது. நீர் 15 பாகைக்கு மேல் சூடேற ஏற அது அடங்கிவிடும். கோடையில் எடுத்த மாதிரியில் ஒன்றும் தோன்றாதிருத்தலை நல்ல செய்தியாகக் கொள்ள இயலாது. மேலும், சோதிக்கப்பட்ட மீன்கள் மடிந்துவிட்டன; விற்கப்படுபவை அவற்றின் உடன்பிறப்புகளே. சோதனைக்குப் பின் அக்குளத்தில் வேற்று மீனோ வேற்று நீரோ கலந்தால் சான்று பொருளற்றதாகிவிடும். விற்பவர் பெயர், மீனின் வகை, எண்ணிக்கை, விற்ற நாள் ஆகியவை ரசீதில் இருக்க வேண்டும் என நியூயார்க் விதி கூறுவதன் காரணம் இதனால் விளங்கும். சான்று பெறாத மீனை, அது பிடிக்கப்பட்ட அதே நீர்நிலையில் மட்டுமே இரையாகப் பயன்படுத்தலாம்.

நம் நாட்டின் வெப்ப நீரில் வி.எச்.எஸ். நிலைக்காது. ஆனால் நம் குளங்களுக்கு ஏற்ற வேறு வைரஸ் உண்டு. திலாப்பியா ஏரி வைரஸ் என்பது 2014 இல் இஸ்ரேலில் அடையாளங் காணப்பட்டு, 2017 இல் மலேசியாவில் சிவப்புத் திலாப்பியாவிடம் கண்டறியப்பட்டது. இதுவும் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆயினும் இளங்குஞ்சுகளைப் பேரளவில் மாய்க்கவல்லது. ஆதலால் குஞ்சு வாங்கும்போது, அவை எந்தப் பண்ணையில் பொரித்தவை, எப்போது, எத்தனை மீன்கள் சோதிக்கப்பட்டன எனக் கேளுங்கள். வாங்கியவற்றைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே குளத்தில் விடுங்கள். அத்தொட்டிக்குரிய வலையையும் வாளியையும் குளத்துக்குப் பயன்படுத்தலாகாது. மீன்கள் திடீரென மடியத் தொடங்கினால் வட்டார மீன்வள இலாகாவுக்கு உடனே தெரிவித்தல் வேண்டும். சோதனைக்கு உதவுவது அழுகிய மீன் அன்று. உயிர் ஊசலாடும் மீனோ, சற்றுமுன் மடிந்து பனிக்கட்டியில் வைக்கப்பட்ட மீனோதான்.