குப்பியில் நேரத்தை எழுது

மாத்தளை

அன்புள்ள தங்கச்சி,

வயதானவர்களின் பாரிசவாதத்துக்குக் குருதிக் கலங்களில் தடயம் தேடும் ஆய்வில் சேர்ந்துவிட்டாயாம். சந்தோஷம். நியூட்ரோபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்து வரும் விகிதத்தைப் பற்றித்தான் உன் கடிதம் முழுக்க. கெட்டிக்காரக் கணக்குத்தான். தனிச் செலவில்லை, சாதாரண எஃப்.பி.சி. (முழுக் குருதி எண்ணிக்கை) தாளிலேயே இருக்கிறது. மூளைக்குப் போகும் குருதி தடைப்பட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். விகிதம் கூடியவர்கள் தேறுவது சிரமம் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சில மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவாய்?

முன்பொரு தடவை, இரத்தோட்டைப் பக்கத்து லயத்திலிருந்து ஒரு பாட்டியைக் கொண்டுவந்தார்கள். எப்போது விழுந்தார் என்றேன். "காலையில" என்றாள் மருமகள். 6 மணி என்று எழுதிவிட்டேன். மறுநாள் பேரன் சொன்னான்: "பாட்டி நேத்து ராத்திரியே தேத்தண்ணிக் கோப்பைய கீழ போட்டுருச்சு." கை வழுக்கிவிட்டது என்று வீட்டில் சிரித்திருக்கிறார்கள். என் தாளில் ஓர் இரவே காணாமல் போயிருந்தது. அதற்குப் பிறகு நான் எப்போது விழுந்தார் என்று கேட்பதில்லை. கடைசியாக எப்போது நல்லபடி இருந்தார் என்றுதான் கேட்பேன்.

குருதி எடுத்த நேரத்தையும் குப்பியிலேயே எழுது. விகிதத்தோடு சிறுதட்டுகளையும் பார்ப்பாயானால் அது இன்னும் முக்கியம். ஊதா மூடிக் குப்பியில் குருதி உறையாமலிருக்க உள்ள ஈ.டி.டி.ஏ.யில் குருதிச் சிறுதட்டுகள் நேரம் போகப் போக வீங்கும். கருவிக்கு அது தெரியாது. வீக்கத்தையும் நோயாளியின் கணக்கில் அச்சடித்துத் தந்துவிடும்.

நம் மாவட்டத்துக்கென்று வேறு சங்கடங்கள். 2008இல் எலிக்காய்ச்சல் பரவியபோது மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வயலில் இறங்கியவருக்கு அந்தக் காய்ச்சலே நியூட்ரோபில்லை ஏற்றிச் சிறுதட்டைக் குறைக்கும். மூச்சிழுப்புக்கு ஸ்டீரொய்ட் குடிக்கும் தாத்தாவுக்குப் பாரிசவாதம் வராமலே உன் விகிதம் உயரும். காய்ச்சல், மருந்து, சிறுநீர்க் கடுப்பு எல்லாவற்றையும் கேள். பதில் எரிச்சலாக வந்தாலும் கேள்.

ஆய்வின் தலைப்பில் 'கண்டறிதல்' என்று போட்டிருக்கிறாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. அடைப்பா கசிவா என்று சொல்வது சி.டி. ஸ்கேன். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக உள்ள அவகாசம் 4.5 மணி நேரம். உன் விகிதத்துக்காக ஒரு நிமிடம்கூட யாரையும் நிறுத்தி வைக்காதே.

தேறியதை அளக்க 90ஆம் நாள் தொலைபேசியில் கேட்டு, ரேங்கின் அளவுகோலில் 0 முதல் 6 வரை ஓர் எண் போடப்போகிறாய். "நடக்கிறாங்க" என்பார்கள். வார்டின் சீமெந்துத் தரையில் நடப்பது வேறு, மழையில் பாசி பிடித்த லயத்துப் படியிறங்கிக் கக்கூசுக்குப் போவது வேறு. முடிந்தவரை நேரில் போய்ப் பார்.

எல்கடுவைப் பக்கம் போகும் நாளைச் சொல்லு, நானும் வருகிறேன். அட்டைக்கு உப்பு நான் கொண்டுவருவேன். நீ குடையை மறக்காதே.

அன்புடன்,
அக்கா