வாக்குச் சாவடிக்கு வர இயலாதோர்

அமெரிக்காவில் தபால் வாக்கு பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. ஓரிகன் மாநிலத்தில் தேர்தலே தபால் வழியாகத்தான் நடைபெறுகிறது. டெக்ஸாஸிலோ முதுமை, உடல்நலக் குறைவு போன்ற காரணம் இருந்தால்தான் அவ்வசதி கிடைக்கும். நமது நாட்டில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே சட்டம்: 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆகவே இங்கு வேறுபாடு மாநிலத்தைப் பொறுத்ததன்று. வாக்காளர் எவ்வகையினர் என்பதைப் பொறுத்தது. தலைநகர் தில்லியில் இது தெளிவாகப் புலப்படும்.

படைவீரர்களும், வெளிநாடுகளில் பணிபுரியும் அரசு ஊழியர்களும் தபாலில் வாக்களிக்கலாம். உடன் வசிக்கும் மனைவிக்கும் இவ்வுரிமை உண்டு. பெண் அதிகாரியின் கணவருக்கோ 2021இல் சட்டம் திருத்தப்படும் வரை இல்லை. தடுப்புக் காவலில் இருப்பவருக்குத் தபால் வாக்கு உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் சிறையிலிருக்கும் விசாரணைக் கைதிக்கு இல்லை.

80 வயதைக் கடந்தோருக்கும், ஊனமுற்றோருக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்க 2019 அக்டோபரில் விதி திருத்தப்பட்டது. ஜார்க்கண்டின் சில தொகுதிகளில் தொடங்கிய இம்முறை, 2020 பிப்ரவரியில் தில்லியின் 70 தொகுதிகளிலும் நடைமுறைக்கு வந்தது. விரும்புவோர், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் 12டி படிவத்தை அளித்தல் வேண்டும். வாக்குப்பதிவு அலுவலர்கள் காவலருடனும் ஒளிப்பதிவாளருடனும் இல்லம் தேடி வருவர். வாக்காளர் சீட்டில் குறியிடுவது மட்டும் படம்பிடிக்கப்படாது. முதன்முறை அவர் வீட்டில் இல்லையெனில் மறுமுறையும் வருவர். அதையும் தவறவிட்டால் சாவடிக்குச் சென்றும் வாக்களிக்க முடியாது. வயது வரம்பு 2020இல் 65 ஆகக் குறைக்கப்பட்டபோதிலும் ஆணையம் பீகார்த் தேர்தலில் அதைச் செயற்படுத்தவில்லை. 2024 மார்ச்சில் வரம்பு 85 ஆக உயர்த்தப்பட்டது. சலுகை விரிந்து சுருங்கிய விதம் இது.

ஆயினும் எண்ணிக்கையில் பெரிய பிரிவினர் பிழைப்பு நாடி வந்த தொழிலாளர்களே. தில்லியில் கட்டட வேலை செய்யும் பீகார்த் தொழிலாளி, சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்குமாயின், ஒரு நாள் வாக்குக்காகப் பல நாள் கூலியையும் ரயில் கட்டணத்தையும் இழக்க வேண்டும். பெயரைத் தில்லிக்கு மாற்றலாம். ஆனால் வேலைத்தளம் மாறுந்தோறும் முகவரியும் மாறுகிறதே! அதே நகரில் வாழும் காஷ்மீர்ப் புலம்பெயர்ந்தோருக்கு, காஷ்மீர்த் தொகுதிக்கு வாக்களிக்கத் தில்லியிலேயே தனிச் சாவடிகள் அமைக்கப்படுகின்றன. வன்முறையால் ஊரை விட்டவருக்கு அது நியாயமே. வறுமையால் ஊரை விட்டவருக்கு எதுவும் இல்லை.

2019 பொதுத் தேர்தலில் சுமார் 30 கோடிப் பேர் வாக்களிக்கவில்லை. இதைச் சுட்டிய ஆணையம், 72 தொகுதிகளுக்கான வாக்குகளை ஒரே இடத்தில் பதியவல்ல தொலைதூர இயந்திரம் ஒன்றை முன்வைத்து, 2023 ஜனவரியில் கட்சிகளைத் தில்லிக்கு அழைத்தது. புலம்பெயர்ந்தவர் யார், தொகுதிக்கு வெளியே நன்னடத்தை நெறிகளைக் காப்பது எவ்வாறு என்ற வினாக்கள் எழுந்தன. எதிர்க்கட்சிகள் பல உடன்படவில்லை. இயந்திரம் இல்லாமலும் ஒரு வழி உண்டு. அரசைக் கலந்து, எந்தப் பிரிவினருக்கும் தபால் வாக்கை அறிவிக்கச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஆணையத்துக்கு இடமளிக்கிறது. முதியோர் வீட்டிலிருந்து வாக்களிப்பதும் அப்பிரிவின் கீழேயே.