அட்வான்ஸுக்கு முன் வக்கீல்

செகந்திராபாத்

அன்புள்ள மகளுக்கு,

மணிகொண்டாவில் ஃப்ளாட் பார்த்திருப்பதாக நீ எழுதிய கடிதம் கிடைத்தது. ‘பேங்க் வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டார், பதிவு ஆபீஸிலும் பார்ப்பார்கள், அப்புறம் நான் எதற்குத் தனியாக ஒரு வக்கீலுக்குப் பணம் தர வேண்டும் பெரியப்பா?’ என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் நீ கேட்ட மற்றவையும் தெளிந்துவிடும்.

முதலில் பதிவு ஆபீஸ். நம் நாட்டில் பதிவாவது பத்திரம் மட்டும்தான். விற்பவர் நேரில் வந்தாரா, கையெழுத்துப் போட்டாரா, முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்று சார்பதிவாளர் பார்ப்பார். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின் தடைப் பட்டியலில் அந்தச் சொத்து இருந்தால் பதிய மறுப்பார். விற்பவருக்கு அது உண்மையிலேயே சொந்தமா என்று ஆராயும் பொறுப்பு அவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்று 55-ஏ என்றொரு விதி கொண்டுவந்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது; 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அந்த அதிகாரத்தைப் பதிவாளருக்குத் தரவில்லை என்பதே காரணம். இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அரசே உத்தரவாதம். இங்கே அந்தக் கவலை வாங்குகிறவர் தலையில்.

அடுத்து பேங்க் வக்கீல். அவர் கருத்துரை எழுதுவது பேங்குக்கு. நாளைக்கு வீட்டின் உரிமையில் ஓட்டை தெரிந்தாலும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நீ மாதத் தவணையைக் கட்டித்தான் ஆக வேண்டும். பில்டர் நீட்டும் ‘லீகல் ஒப்பீனியன்’ பில்டர் காசில் எழுதப்பட்டது. இரண்டையும் கேட்டு வாங்கிப் படி. ஆனால் உன் காசில், உனக்காக மட்டும் படிக்கிற மூன்றாவது கண் ஒன்று வேண்டும்.

ஹைதராபாத்தில் இது ஏன் இன்னும் அவசியம் என்பதற்கு உன் மணிகொண்டாவே சாட்சி. பழைய ஜாகீர், அதாவது மானியக் கிராமம் அது. அங்கே 1,654 ஏக்கர் ஒரு தர்காவின் வக்ஃப் நிலம் என்று வக்ஃப் போர்டும், அரசு நிலம் என்று அரசும் வழக்காடின. பெரிய கம்பெனிகளின் வளாகங்கள் எழும்பிய பிறகும் வழக்கு ஓடியது. நிலம் அரசுக்கே என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது 2022 பிப்ரவரியில். நிஜாம் காலத்து ஜாகீர்களை 1949இல் ஒழித்தார்கள். அவை போக இனாம் நிலம், ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம், 1976ஆம் ஆண்டு நகர்ப்புற உச்சவரம்புச் சட்டத்தில் சிக்கிய நிலம் என்று ஊரைச் சுற்றிலும் பல வகை. ஒப்படைத்த நிலத்தை விற்கக் கூடாது என்று 1977லேயே சட்டம் வந்துவிட்டது. மேலே எவ்வளவு பளபளப்பான கட்டடம் நின்றாலும், அடியில் இருக்கும் சர்வே எண்ணின் கதைதான் உன் வீட்டின் கதை.

அந்தக் கதையைப் படிப்பதுதான் உன் வக்கீலின் வேலை. இங்கே ‘லிங்க் டாக்குமெண்ட்’ எனப்படும் முந்தைய கிரயப் பத்திரங்கள் ஒன்றோடொன்று அறுபடாமல் வருகின்றனவா என்று பார்ப்பார். வில்லங்கச் சான்று இணையத்தில் 1983 முதல் கிடைக்கும். அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் ஆபீஸில் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். வில்லங்கச் சான்றில் பதிவான விவகாரங்கள் மட்டுமே தெரியும். பதியாத உயில், பங்கு கிடைக்காத வாரிசு, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் அதில் வராமல் போகலாம். அதனால் பஹானி என்னும் நில அனுபவப் பதிவேடுகளையும் நீதிமன்ற வழக்குகளையும் அவர் தேட வேண்டும். கிரயப் பத்திரம் இல்லாமல் பவர் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுத்து விற்றால் உரிமை கைமாறாது என்பது 2011லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஃப்ளாட்டுக்கென்று மூன்று கேள்விகள் தனியாக உண்டு. இங்கே பெரும்பாலும் நிலக்காரரும் பில்டரும் ஒப்பந்தம் போட்டு வீடுகளைப் பங்கு பிரிப்பார்கள். நீ வாங்குவது யார் பங்கில் வருகிறது? அனுமதி தரும்போது கட்டடப் பரப்பில் 10 சதவீதத்தை அனுமதி தரும் அமைப்பு அடமானமாக எழுதி வாங்கும். உன் வீடு அதற்குள் வருகிறதா? உனக்குரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர கஜம்?

நிலம் ஏரிக்குள் வருகிறதா என்பதைப் பத்திரம் காட்டாது. 2024 ஜூலையில் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றும் ஹைட்ரா என்ற அமைப்பை அரசு தொடங்கியது. ஆகஸ்டில் மாதாப்பூர் தம்மிடிகுண்டா ஏரிக்கரையில் நடிகர் நாகார்ஜுனாவின் என் கன்வென்ஷன் மண்டபம் இடிக்கப்பட்டது. அது பட்டா நிலம் என்றார் அவர். ஏரியின் முழு நீர்மட்ட எல்லைக்குள் வருகிறது என்றார்கள் அதிகாரிகள். பத்து ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட ஏரி என்றால் அந்த எல்லைக்கு வெளியேயும் 30 மீட்டர் விட வேண்டும்; சிறிய ஏரிக்கு 9 மீட்டர். ஏரி வரைபடத்தோடு சர்வே எண்ணை ஒத்துப் பார்க்கச் சொல்.

யாரைப் பிடிப்பது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாதென்பது பார் கவுன்சில் விதி. ஆகவே இணையத்தில் கூவுகிறவரை விட்டுவிடு. சிவில், நில வழக்கு பார்க்கிறவராக, தெலுங்குப் பதிவேடு படிப்பவராக, பழைய உருதுக் காகிதம் வந்தால் படிக்க ஆள் வைத்திருப்பவராகத் தேடு. இந்த பில்டருக்கோ பேங்குக்கோ வேலை செய்கிறாரா என்று முகத்துக்கு நேரே கேள். பத்திர எழுத்தர் வேறு, வக்கீல் வேறு என்பதையும் மறக்காதே.

ஃபீஸ் இவ்வளவுதான் என்று நிர்ணயம் கிடையாது. கருத்துரைக்கு எவ்வளவு, ஒப்பந்தம் எழுத எவ்வளவு, பதிவுக்கு உடன் வர எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்கு. பேரம் பேசுமுன் ஒன்றை நினைத்துக்கொள்: தெலங்கானாவில் 2021 ஜூலை முதல் பதிவுச் செலவு 7.5 சதவீதம். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு அதுவே 6 லட்சம். அதைக் கட்டிவிட்டு, வாங்கும் வீடு யாருடையது என்று பார்ப்பதில் சிக்கனம் பிடிக்காதே.

கருத்துரை எழுத்தில் இருக்கட்டும். பார்த்த பத்திரங்களின் பட்டியல், கிடைக்காதவை எவை, அவருடைய முடிவு என்ன என்று மூன்றும் அதில் வேண்டும். ‘எல்லாம் சரிம்மா’ என்ற வாய்ச்சொல் போதாது.

எப்போது? டோக்கன் அட்வான்ஸுக்கு முன். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் திட்டமென்றால் ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. வீடு கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து சின்னத் தொகை கொடுத்தே தீர வேண்டுமென்றால், ‘வாங்குபவரின் வக்கீல் உரிமையை ஏற்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்கு. எழுதித் தர மறுத்தால் வேறு வீடு பார்.

அன்புடன்,
பெரியப்பா