வெங்காயத்தின் ஆயுள் பாத்தியிலேயே தீர்மானமாகிறது

கட்டித் தொங்கவிட்ட வெங்காயம் அழுகினால், தொங்கவிட்ட இடத்தைத்தான் முதலில் குறை சொல்வோம். மலைநாட்டு வத்தேகமவில் வீட்டுத் தோட்டத்தில் சின்ன வெங்காயம் நடும் எனக்குப் புரிந்தது வேறு: அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் பசளையே தீர்மானிக்கிறது.

முதலில் சுண்ணாம்புச் சத்து. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஆனால் நமது மலைச்சரிவில் மழை கல்சியத்தைக் கழுவிச் சென்று மண்ணைப் புளிக்க வைக்கிறது. வெங்காயத்துக்கு பி.எச். பெறுமானம் 6 முதல் 7 வரை இருப்பது நல்லது. பக்கத்திலுள்ள திகனவில் தோண்டியெடுக்கும் டொலமைட்டில் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே உண்டு. நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் அதைக் கொத்திக் கலந்துவிடுகிறேன். அளவை மண் பரிசோதனை சொல்லட்டும். விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

பொட்டாசியம். இலையில் உண்டாகும் சர்க்கரையைக் கிழங்குக்குக் கொண்டுசேர்க்க இது வேண்டும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது அடுப்புச் சாம்பல்தான் கைகொடுத்தது. சாம்பலை யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் கலக்காதீர்கள். நைதரசன் அமோனியாவாகிப் பறந்துவிடும். சாம்பல் அதிகம் போட்டால் டொலமைட்டைக் குறையுங்கள்.

கந்தகம். வெங்காயத்தின் காரம் இதிலிருந்தே வருகிறது. அமோனியம் சல்பேட்டில் கந்தகம் உண்டு, ஆனால் மண்ணை மேலும் புளிக்க வைக்கும். ஜிப்சம் கந்தகம் தந்தாலும் அப்படிச் செய்யாது, கல்சியமும் தரும்.

யூரியாவில் கட்டுப்பாடு. நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். இளம் பருவத்தில் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள். கிழங்கு திரளத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். பிந்திப் போட்டால் தாள் பச்சையாகவே நிற்கும், கழுத்து தடித்துக் காயாமல் இருக்கும். அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே இறங்குகிறது.

கிண்டும்போது. மே கடைசியில் நட்டால் மழை குறைந்த ஆகஸ்டில் கிண்டலாம். தாள் பாதிக்கு மேல் சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். கிண்டியதும் தாளோடு நிழலில் உலர்த்துங்கள். கழுத்தை இரு விரலால் நசுக்கிப் பாருங்கள். ஈரம் தட்டாதவற்றை மட்டும் பிடி கட்டிக் காற்றோட்டமான தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். மற்றவற்றை முதலில் சமையலுக்கு எடுங்கள்.

அடுத்த போகத்தில் ஒரு பாத்திக்கு மட்டும் டொலமைட்டும் சாம்பலும் போட்டு, அதன் பிடிகளைத் தனியே கட்டி வையுங்கள். உங்கள் மண்ணுக்கு எது பொருந்துகிறது என்பதை அந்தப் பிடிகளே காட்டும்.