நம்பிக்கைகளும் உண்மைகளும்: ரேகை வைக்குமுன்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், கொழுந்தெடுத்துத் திரும்பியிருந்த ஒரு தாய், தேயிலைக் கறை ஏறிக் கறுத்த பெருவிரலை என்னிடம் நீட்டி, "இந்த வெரலத்தாங்க ஐயா வச்சேன், அதுல என்னா எழுதியிருந்திச்சின்னு இன்னைக்கும் தெரியாது" என்று சொன்னது, வருஷங்கள் சில கழிந்தும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளையைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் சிங்களத்தில் எழுதிய தாள் அது. பின்னர் பிள்ளை ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போயிற்று. கொடுத்துவிட்டதாகத் தானே ரேகை வைத்த பின் கேட்க என்ன முகமிருக்கிறது என்று எண்ணி, அவள் நீதிமன்றத் தவணைக்கும் போகவில்லை.

ஊவாவின் மலைத்தோட்டங்களில் இந்த நம்பிக்கை அவள் ஒருத்திக்கு மாத்திரம் உரியதன்று. இதற்கு வேராக இருப்பது, விசாரிக்க வருகிற உத்தியோகத்தர் நினைத்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடலாம், துரையும் தலைவரும் சரி என்றுவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்கிற அபிப்பிராயம். உண்மை வேறு. நன்னடத்தை உத்தியோகத்தரும் பொலிஸாரும், 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினரும் விசாரிக்கலாம், அறிக்கை எழுதலாம், ஆபத்துக் கண்டவிடத்துப் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கவும் செய்யலாம். ஆயினும், 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைக்கும் கட்டளையை நீதிமன்றமே பிறப்பிக்க வேண்டும். தோட்டத்து ஆபீசுக்கு அதில் யாதோர் அதிகாரமும் இல்லை.

அந்த நீதிமன்றத்துக்கும் இல்லம் ஒன்றே வழியன்று. ஒழுங்காகப் பராமரிப்போம் என்று பெற்றோரிடமே பிணை எழுதி வாங்கிக்கொண்டு பிள்ளையை வீட்டில் விடலாம். மூன்று வருஷத்துக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். தகுதியுள்ள ஒருவரிடம், அவர் அம்மாயியோ சித்தப்பாவோ ஆனாலும், ஒப்புவிக்கலாம். ஆகவே, பக்கத்து டிவிஷனில் பிள்ளையை ஏற்றுக்கொள்ள உறவினர் இருப்பாராயின், அவருடைய பெயரைத் தாய் தகப்பன் அங்கே வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாத பெயர் நீதவானுக்கு எட்டாது. ஒருமுறை பிறந்த கட்டளையையும் மாற்றும்படி பின்னர் விண்ணப்பிக்க இடமுண்டு.

"கையெழுத்துப் போடலன்னா ரிமாண்ட்தான்" என்பது லயங்களில் நான் அடிக்கடி கேட்ட வசனம். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவு, பொலிஸார் எழுதும் வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், எழுதிய பாஷை அவருக்கு விளங்காதாயின் விளங்கும் பாஷையில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், அதை விளக்கவும் அதனோடு கூட்டிச் சொல்லவும் அவருக்குச் சுதந்திரம் உண்டு என்று விதிக்கிறது. பிற அலுவலகங்களோடு தமிழிலேயே காரியம் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையும், நீதிமன்றத்தில் அரசின் செலவிலேயே மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை 24 ஆம் உறுப்புரையும் தருகின்றன. "தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க, பொறகு வைக்கிறேன்" என்பது அதிகாரிகளை எதிர்ப்பதாகாது. பொலிஸ் நிலையத்துக்குச் சட்டத்தரணி கூடவரலாம் என்று 2012 இல் விதிகளே வெளியாகியிருக்கின்றன. காசில்லாதவருக்கு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் பதுளையிலேயே இருக்கிறது. ஒரு நாள் பேர் போடாமல் போனால் சம்பளம் போகும் என்பது மெய். தவணைக்குப் போகாதிருந்தால் வரும் நஷ்டம் அதனினும் பெரிது.

பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் கிடக்கிறோம், இந்த ஏழ்மையே நம்மீது குற்றமாகிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் பலர். 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், பிள்ளையைப் பிரிப்பது குறித்த விசாரணையில் பெற்றோரின் பேச்சும் கேட்கப்படல் வேண்டும் என்கிறது. 2009 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற வழிகாட்டல்களோ, வறுமை ஒன்றே பிள்ளையைப் பிரிக்கக் காரணமாகலாகாது, அது குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்பதற்கான அறிகுறி என்று கூறுகின்றன. இல்லத்தில் சேர்ந்த பிள்ளை தத்துப் போய்விட்டது என்பதும் பிழை. தத்துக்கு 1941 ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு, பெற்றோரின் சம்மதமும் வேண்டும், விதிவிலக்குகள் சிலவே.

"எம் புள்ள, நான் அடிப்பேன், கேக்க யாரு?" என்பாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 1995 ஆம் ஆண்டின் திருத்தத்தால் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக்குற்றமாயிற்று. உரிய வயது நிரம்பாத பிள்ளையைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புவதும் சட்டவிரோதம். மேற்சொன்ன உரிமைகளில் ஒன்றும் இவற்றுக்குக் கேடயமாகாது.

அந்தத் தாய் பிற்பாடு ஒரு சட்டத்தரணியிடம் போனாள். அவர் வழக்கேட்டின் பிரதியை எடுத்து, அவள் ரேகை வைத்த தாளை வரி வரியாகத் தமிழில் வாசித்தார். பிள்ளையைக் கொடுத்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்ற வினாவுக்கு அவள் அன்று சொன்ன விடை மாத்திரமே இருந்தது: சப்பாத்து இல்லை.