சிங்கப்பூர் வானில் விண்மீன்களின் ஓட்டம்

விண்மீன்கள் கிழக்கே எழுந்து மேற்கே மறைகின்றன என்று கூறுகின்றோம். உண்மையில் சுழல்வது நாம் வாழும் புவியே. ஓடும் பேருந்தில் அமர்ந்து பார்க்கும்போது சிராங்கூன் சாலைக் கடைகள் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றுகின்றன அல்லவா? புவி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், வானம் எதிர்த்திசையில் நகர்வதாக நமக்குத் தோன்றுகின்றது.

அருகருகே தோன்றும் விண்மீன்களை ஒன்றுசேர்த்து உருவம் கற்பித்து, அவற்றை விண்மீன் கூட்டம் என்கின்றோம். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த மீன்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருக்கலாம். கார்த்திகையை அறுமீன் என்றும், ஏழு முனிவர் கூட்டத்தை எழுமீன் என்றும் நம் முன்னோர் அழைத்தனர். இன்று உலக வானியலார் 88 கூட்டங்களை ஏற்றுக்கொண்டுள்ளனர்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 1.3 பாகையில் உள்ளது. அதனால் நம் வானத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. அதனை அறியச் சற்றே கடற்பயணம் செய்வோம். முற்காலத்தில் தமிழர் பலர் ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வழியாக இங்கு வந்தனர். கப்பல் தளத்திலிருந்து துருவ விண்மீனைப் பார்த்திருந்தால் அவர்கள் என்ன கண்டிருப்பர்? கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். சுண்டுவிரல் 1 பாகையை மறைக்கும். நாகப்பட்டினத்தில் துருவ மீன் தொடுவானத்திற்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். பினாங்கில் அரை முட்டி. சிங்கப்பூரிலோ ஒரு சுண்டுவிரல் உயரந்தான்! கட்டடங்களும் மூட்டமும் அதனையும் மறைத்துவிடுகின்றன. விண்மீன் இறங்கவில்லை; உருண்டையான புவியின்மீது தெற்கு நோக்கி வந்த கப்பலே அதனைத் தாழ்த்திக் காட்டியது.

துருவம் தொடுவானத்தில் படிந்திருப்பதால், இங்கு எல்லா விண்மீன்களும் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து செங்குத்தாகவே மறைகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மணி நேரம் தொடுவானத்திற்கு மேலே இருக்கும். இலண்டனில் எழுமீன் ஒருபோதும் மறைவதில்லை. தென்சிலுவை அங்கே ஒருபோதும் எழுவதில்லை. நமக்கோ இரண்டும் உண்டு. எழுமீனில் வசிட்டருக்கு அருகே உள்ள சிறுமீனே அருந்ததி. திருமணத்தில் மணமகளுக்கு அதனைக் காட்டுவர். பகல் முகூர்த்தத்தில் ஏது விண்மீன் என்று பெரியோரைக் கேட்டுவிடாதீர்கள்!

ஓரியன் என்னும் வேட்டைக்காரன் கூட்டத்தைக் கண்டறிதல் எளிது. அதன் இடைக்கச்சையில் மூன்று மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். செந்நிறமாக ஒளிரும் அதன் தோள்மீனே நம் திருவாதிரை. இம்மூன்று மீன்களும் நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே அமைந்திருப்பதால், இங்கு நேர் கிழக்கில் எழுந்து, நம் தலைக்கு மேலாகச் சென்று, நேர் மேற்கில் மறைகின்றன. திசைகாட்டி இல்லாமலே திசை அறியலாம்.

புவி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் ஆகின்றது. ஆகவே, ஒரு விண்மீன் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னதாக எழும். ஒரு மாதத்தில் அது 2 மணி நேரமாகிவிடும். டிசம்பர் நடுவில் இரவு 7 மணியளவில் எழும் அம்மூன்று மீன்கள், பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு உச்சியில் நிற்கும். ஜூனில் அவை ஞாயிற்றின் பக்கம் இருப்பதால் காண இயலாது.

நம் மாதப் பெயர்களிலும் இந்த ஓட்டம் பதிந்துள்ளது. முழுநிலவு ஞாயிற்றுக்கு எதிர்த்திசையில் நிற்கும். கார்த்திகையில் அது கார்த்திகை மீன்களை அடுத்தும், தையில் பூசத்தை அடுத்தும், மாசியில் மகத்தை அடுத்தும் தோன்றும். தைப்பூச இரவில் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடிகள் செல்லும்போது, நள்ளிரவுக்குச் சற்றுப் பின் நிலவு உச்சிக்கு வரும். பூசத்தின் மங்கலான மீன்களை நிலவொளி மறைத்துவிடும்.

நிலவினும் பெரிய பகை நம் விளக்குகளே. உலக இரவு வானங்களை ஒப்பிட்டு 2016-இல் வெளிவந்த ஆய்வு, ஒளி மாசு மிகுந்த நாடு சிங்கப்பூர் எனக் கண்டது. தேக்காவில் தீபாவளி அலங்கார விளக்குகளின் கீழ் நின்று அறுமீனைத் தேடிப் பயனில்லை. ஆயினும் ஓரியனின் மூன்று மீன்கள் அடுக்குமாடி வீட்டு நடைபாதையிலிருந்தும் தெரியும்.

கிழக்கு நோக்கிய நடைபாதை இருப்பின், ஒரே இடத்தில் நின்று, எதிர்ப் புளோக்கின் கூரையை ஒரு விண்மீன் எட்டும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் 4 நிமிடம் முன்னதாகவே வந்து நில்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஓரியன் மேற்கே சாய்ந்தபின் தெற்கே திரும்புங்கள். மேகம் இல்லையேல், தொடுவானத்திற்கு மேல் மூன்று முட்டி உயரத்தில் தென்சிலுவை நிற்கும்.