குழாயில் ஷாக் அடித்தால்...

மார்கழி மாதம். நல்ல குளிர். குளியலறைக்குள் போன அம்மா, வெந்நீர்க் குழாயைத் தொட்டார். விரலில் சுருக்கென்றது. கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

“என்னங்க, குழாயில ஷாக் அடிக்குது!”

“லேசாத்தானே அடிக்குது? செருப்பைப் போட்டுக்கிட்டுக் குளி. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்.”

அம்மா கேட்கவில்லை. உலர்ந்த கையால் ஹீட்டர் சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் கழற்றினார். அன்று அடுப்பில்தான் வெந்நீர். பிறகு போய், உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து வந்தார்.

அம்மா செய்தது சரியா? சரிதான். ஏன் என்று பார்ப்போம்.

லேசான ஷாக்கா?

நம் நாட்டில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோல் அப்படித் தடுக்காது. இன்று விரல் நுனியில் சுருக்கென்றது. நாளை உடம்பு முழுவதும் நனைந்திருக்கும்போது அதே குழாய் உயிரையே பறிக்கலாம். லேசான ஷாக் என்பது எச்சரிக்கை மணி.

வயர்மேன் கண்ட மூன்று குறைகள்

முதலில் அவர் பிளக்கைப் பார்த்தார். அது கருகி இருந்தது.

“அம்மா, இது 2000 வாட் ஹீட்டர். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வரும். நீங்கள் செருகியிருப்பது 6 ஆம்பியர் சின்ன பிளக். சூடு தாங்குமா? 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். அதற்கேற்ற தடித்த ஒயரும் வேண்டும்.”

அடுத்து, சோதனை விளக்கை வைத்துப் பார்த்தார். பேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே விளக்கு எரிந்தது. பேசுக்கும் எர்த்துக்கும் நடுவே எரியவில்லை. எர்த் கம்பி அறுந்திருந்தது.

மூன்றாவதாக, மெயினை அணைத்துவிட்டு ஹீட்டரைத் திறந்தார். காயில் மேல் உப்பு கட்டியாகப் படிந்திருந்தது. அதன் உறையில் விரிசல். அந்த விரிசல் வழியாக மின்சாரம் தண்ணீரில் கசிந்திருக்கிறது.

“அப்போ எதனால தம்பி ஷாக் அடிச்சது?”

“காயில் கசிந்தது. கசிந்த மின்சாரம் பூமிக்குப் போக எர்த் இல்லை. அதனால் உங்கள் உடம்பு வழியாகப் போனது. கருகிய பிளக் ஷாக் தரவில்லை. ஆனால் ஒருநாள் தீப்பிடித்திருக்கும்.”

எர்த் ஏன்?

மூன்று பின் பிளக்கில் தடித்த, நீளமான பின்தான் எர்த். செருகும்போது அது முதலில் தொடும். கழற்றும்போது கடைசியில் விடும். கசியும் மின்சாரத்தை அது பூமிக்குக் கொண்டுபோகும். பழைய வீடுகளில் எர்த் கம்பி பச்சை நிறம். இப்போது பச்சையும் மஞ்சளும் கலந்து வருகிறது. எர்த் பின்னை ஒடித்துவிட்டுச் செருகுவது பெரிய ஆபத்து.

எர்த் மட்டும் போதாது. கசிவு சிறியதாக இருந்தால் பியூஸ் போகாது. அதற்கென்று ஆர்.சி.சி.பி. என்னும் கருவி உண்டு. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்துவார்கள். அந்த அளவு மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். அதில் ‘டெஸ்ட்’ பொத்தான் இருக்கும். அவ்வப்போது அதை அழுத்திப் பாருங்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டால் கருவி வேலை செய்கிறது என்று பொருள்.

அம்மா புதுக் காயில் போட்டார். எர்த்தைச் சரிசெய்தார். பெரிய பிளக்கும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தார். செலவு ஆனது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் பயமின்றிக் குளிக்கிறார்கள்.

நினைவில் வையுங்கள்

1. பியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பி போடாதீர்கள். குறை எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள்.

2. பிளக் சுட்டாலும் கருகல் வாடை வந்தாலும் உடனே அணையுங்கள்.

3. வாளியில் போடும் ஹீட்டர் என்றால் பிளாஸ்டிக் வாளி நல்லது. ஹீட்டரை அதன் குறி வரை தண்ணீரில் அமிழ்த்திய பிறகே சுவிட்சைப் போடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள்.

4. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்.

5. யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். 108-ஐ அழையுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டு ஹீட்டரில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? அதை 230-ஆல் வகுங்கள். விடை 6-க்கு மேலா, கீழா?

2. அதை எந்தப் பிளக்கில் செருகியிருக்கிறீர்கள்?

3. “செருப்பைப் போட்டுக்கிட்டுக் குளி” என்றது சரியா? வீட்டில் பேசிப் பாருங்கள்.